நஞ்சு மேலே ஏறும்

அத்தியாயம் பதினொன்று

ரகசியம் காப்பது ஒரு வேலை என்றால், தனசிங் இரண்டு வாரமாக அதில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் கிருபாவுக்கு நான்காம் மாதம். விஷயம் தெரிந்தவர்கள் கிருபா, அவள் கணவன் ஜோஸ்வின், டாக்டர் அபிதகுஜாம்பாள், அப்புறம் இவர். இவரிடமும் அவள் ஆசையாக வந்து சொல்லவில்லை. டூத் பேஸ்ட் வாசனைக்கே அவள் குமட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்துவிட்டு, "ஃபுட் பாய்சனா இருக்கும், கஞ்சி வெச்சுத் தரட்டுமாம்மா?" என்று இவர் ஒருநாள் காலையில் பின்னாலேயே போய் நின்றார். வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டாள்.

சொன்ன கையோடு நிபந்தனையும் போட்டாள்.

"மாமா, நானா சொல்ற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. சர்ச்ல தெரியக் கூடாது. தெருவுல தெரியக் கூடாது. எங்க அம்மாவுக்கும் சொல்லக் கூடாது."

கடைசி வாக்கியம் அவரை உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் தலையாட்டினார். போன வருஷம் ஒன்று பத்தாவது வாரத்தில் கலைந்துபோனது. அதற்குப் பிறகு கிருபா ஒரு மாதம் சர்ச்சுக்கு வரவில்லை. ஏன் என்று இவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தனசிங்கின் மனைவி எஸ்தர் கண்மூடி நான்கு வருஷம் ஆகிறது. கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிற அந்த வீட்டில் இப்போது பெண் என்றால் கிருபா ஒருத்திதான். எஸ்தர் இருந்திருந்தால் இன்றைய கூத்தே நடந்திருக்காது. ஏன் என்பது உங்களுக்கே சீக்கிரம் தெரிந்துவிடும்.

இன்று வெள்ளிக்கிழமை. முந்தையது கலைந்த காரணத்தால், இந்த வாரம் இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜோஸ்வினுக்கு மறைமலை நகரில், கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் காலை ஷிஃப்ட். லைனுக்குள் போகும்போது செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு கிருபாவும், துணைக்கு மாமனாரும் கிளம்பினார்கள்.

ஆட்டோவில் ஏறியதிலிருந்து தனசிங் டிரைவருக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"முன்னாடி ஸ்பீடு பிரேக்கர் வருது தம்பி. மெதுவா. இன்னும் மெதுவா. அந்தப் பள்ளத்துல விட்டுடாத."

"இன்னா சார், ஆட்டோ ஓட்டச் சொல்றியா, பல்லாக்கு தூக்கச் சொல்றியா?" என்றான் டிரைவர்.

கிருபா ரோட்டுப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். தனசிங்குக்கு அது போதும். மிச்ச வழிக்கும் பல்லாக்குதான்.

*

ஸ்கேன் சென்டரில் ஆண்களை உள்ளே விடவில்லை. கிருபாவின் கைப்பையையும் காலி தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று ஒரு போர்டு. படிக்க வேறு எதுவும் இல்லாததால் அதையே திரும்பத் திரும்பப் படித்தார். தான் கேட்கப்போவதில்லை என்று மனசுக்குள் சட்டத்துக்கு உறுதியும் கொடுத்தார்.

கதவு திறந்தது. கிருபா புடவையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். கூடவே அங்கே வேலை பார்க்கிற ஆயாம்மா, பேசிக்கொண்டே வந்தார்.

"நஞ்சு கொஞ்சம் கீழ கீதும்மா. டாக்டரு சொன்னாங்க இல்ல? அதுக்கோசரம் பேஜார் ஆவாத. போகப் போக தானா மேல ஏறிடும். எத்தினி பேருக்குப் பாத்துகினு கீறேன்."

கிருபா தலையாட்டினாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

தனசிங்கின் மடியிலிருந்து பாட்டில் உருண்டு விழுந்தது.

இதைப் படிக்கிற பெண்களில் பாதிப் பேர் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குச் சாப்பாடும் மூச்சும் கொடுக்கிற உறுப்புக்குத்தான் நம் ஊரில் நஞ்சு என்று பெயர். நான்காம் மாதத்தில் அது கர்ப்பப்பையின் கீழ்ப்பக்கமாக ஒட்டியிருப்பது பலருக்கும் உள்ளதுதான். கர்ப்பப்பை பெரிதாக ஆக, பெரும்பாலும் அதுவும் மேலே போய்விடும். ஆயாம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஆனால் தனசிங்குக்கு இந்தப் பாடத்தை யாரும் எடுக்கவில்லை. ஜோஸ்வின் பிறந்தபோது அவர் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் டியூட்டியில் இருந்தார். தந்தி போல ஒரு வரி போன் வந்தது: ஆண் குழந்தை, இருவரும் நலம். நஞ்சு, கொடி, பனிக்குடம் எல்லாம் பெண்கள் சமையலறைக்குள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்ட வார்த்தைகள். அவருக்குத் தெரிந்த நஞ்சு பாம்பின் பல்லில் இருப்பது ஒன்றுதான். அது உடம்பில் மேலே ஏறினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தனசிங் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அடுத்த ஸ்டேஷன்காரர் போனில் எதைச் சொன்னாலும், கேட்டவர் அதை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'சரி' என்ற பிறகுதான் சிக்னலில் கை வைக்கலாம். சர்வீஸ் முழுக்க அப்படியே வாழ்ந்தவர். வீட்டில் எஸ்தர் "தக்காளி கால் கிலோ" என்றால்கூட, "தக்காளி, கால் கிலோ" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். எஸ்தருக்கு அது எரிச்சலாக இருக்கும்.

அப்படிப்பட்டவர் இன்று அந்த ஆயாம்மாவிடம், "என்னம்மா சொன்னீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மருமகளின் வயிற்றைப் பற்றி, நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டார். குனிந்து பாட்டிலை எடுத்தார்.

*

திரும்பி வரும்போது அவர் டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா. வெயிட் தூக்க வேணாம், கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கன்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மாமா."

மாமனாரிடம் இதற்கு மேல் எந்த மருமகள்தான் விளக்குவாள்? அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். கிழவன் பயப்படுவான் என்று மறைக்கிறாள், பாவம், என்று இவர் நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள்.

"கையைத் தூக்கி வாய்கிட்ட கொண்டு போச்சு மாமா. விரல் சூப்புது. ஆரஞ்சுப்பழம் சைஸ்தான் இருக்குமாம், ஆனா விரல் நுனியில ரேகையெல்லாம் விழ ஆரம்பிச்சிருக்குமாம். நான் பார்க்கறப்போ காலை உதைச்சுது. எனக்கு ஒண்ணுமே தெரியல, ஸ்கிரீன்ல மட்டும்தான் தெரிஞ்சுது."

இரண்டு வாரத்தில் அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் கண் கலங்கிக் கேட்டிருப்பார். இப்போதோ, அந்தப் பிஞ்சு எதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டதோ என்று நினைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கிருபா இரண்டு இட்லி சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அயர்ன் மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு விழுங்கினாள். மாத்திரை போடுகிற நேரத்தில் டீ, காபி, பால் கூடாது. அப்படிக் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தனசிங்கும் இரண்டு வாரமாக அவள் எதிரில் டீ குடிப்பதில்லை. பிறகு அவள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போனாள். முதல் மூன்று மாதம் அவளைப் படுத்திய வாந்தி இப்போதுதான் ஓய்ந்து, கொஞ்சம் தூக்கம் கூடி வந்திருந்தது.

தனசிங் ஜோஸ்வினுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. லாக்கரில் இருக்கிற போன் யாருக்குப் பதில் சொல்லும்? தெருமுனைக்குப் போய் மூன்று இளநீர் வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்தார். விஷத்துக்கு இளநீர் நல்லதா என்று அவருக்குத் தெரியாது. ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

ஹாலில் உட்கார்ந்தார். எழுந்தார். கிருபாவின் அறைக் கதவருகே போய் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். மறுபடி வந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை முன்பகலில் சர்ச்சில் பெண்களின் உபவாச ஜெபம் நடக்கும். நடத்துவது பக்கத்துத் தெரு ஹெப்சி அக்கா. அவர்கள் முழங்கால் போட்டால் சும்மா எழுந்திருக்க மாட்டார்கள் என்று ஊரில் பேச்சு உண்டு. தனசிங்குக்கு அது ஞாபகம் வந்தது. கூடவே மருமகளுக்குக் கொடுத்த வாக்கும் ஞாபகம் வந்தது.

வாக்கையும் காப்பாற்ற வேண்டும், பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும். ரொம்ப நேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கர்ப்பம் என்ற வார்த்தையைச் சொல்லாமல் விட்டுவிட்டால் போகிறது! நஞ்சு என்பது ஏதோ ஆஸ்பத்திரிக்காரர்களின் பாஷை போல இருந்ததால், எல்லோருக்கும் புரிகிற மாதிரி அதையும் மாற்றிக்கொண்டார். போனை எடுத்தார்.

"ஸ்தோத்திரம் அண்ணே," என்றார் ஹெப்சி அக்கா.

"ஸ்தோத்திரம்மா. ஒரு ஜெப விண்ணப்பம். நம்ம கிருபாவுக்கு…" குரல் உடைந்தது. "வயித்துல விஷம் இருக்கு. இப்போ கீழதான் இருக்காம். மேல ஏறிடக் கூடாது. ஜெபம் பண்ணுங்க."

"ஐயோ ஆண்டவரே! எப்போ அண்ணே? எப்படி?"

"வேற எதுவும் கேக்காதீங்கம்மா. நான் வாக்கு குடுத்திருக்கேன்."

வைத்துவிட்டார். நாசூக்காகக் காரியத்தை முடித்துவிட்ட நிம்மதியில் ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்தார்.

*

ஹெப்சி அக்கா கதை கட்டுகிறவர் அல்ல. கேட்டதைக் கேட்டபடியே சொன்னார். தனசிங் அண்ணன் மருமகளின் வயிற்றில் விஷம். மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம் என்று அண்ணன் அழுகிறார். அவ்வளவுதான். விட்டுப்போனதை அங்கிருந்த ஒவ்வொருவரும் அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொண்டார்கள்.

"போன வருஷம் அந்தப் புள்ளைக்கு அப்படி ஆச்சே, அதுல இருந்தே ஒரு மாதிரிதான்."

"ஜோஸ்வின் தங்கமான பையனாச்சே."

"வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு நமக்கு என்னக்கா தெரியும்?"

அதில் ஒருத்தியின் தங்கை அனகாபுத்தூரில், கிருபாவின் அம்மா ஷீலா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். இப்படியாக, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் முருங்கைக்கீரை பேரம் பேசிக்கொண்டிருந்த ஷீலாவுக்குப் போன் போனது. "உன் பொண்ணு மருந்து குடிச்சிட்டாளாமே," என்றுதான் அந்தப் போன் ஆரம்பித்தது.

தனசிங் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ கிறீச்சென்று நின்றபோது கிருபா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். ஷீலா இறங்கி ஓடி வந்தார். முடி அவிழ்ந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் மட்டும் கீரைக்கட்டு இரண்டு விடாமல் இருந்தது. பின்னாலேயே ஜெபம் முடித்த கையோடு ஹெப்சி அக்காவும் இரண்டு பெண்களும்.

"என் புள்ளைய இன்னாண்ணே பண்ணீங்க?" ஷீலா அலறினார். "எந்த ஆஸ்பத்திரில கீறா? உசுரோட கீறாளா, அத்த மட்டும் சொல்லுங்க!"

"ஷீலாம்மா, சத்தம் போடாதீங்க, அவ தூங்கறா…"

"தூங்கறாளா? விசத்தக் குடிச்சவள வூட்ல தூங்க வுட்டுட்டு நீங்க ஹால்ல குந்திகினு கீறீங்களா!"

தனசிங்குக்கு ஒன்றுமே விளங்கவில்லை. குடித்தாளா? யார் குடித்தது?

அறைக் கதவு திறந்தது. நைட்டியோடு, தூக்கக் கலக்கத்தில் கிருபா நின்றாள்.

"என்னம்மா? நீ எப்போ வந்த?"

ஷீலா பாய்ந்து அவள் முகத்தைப் பிடித்து வாயை முகர்ந்து பார்த்தார். "இன்னாடி குடிச்ச? சொல்லுடி! எது குடிச்ச?"

"எலுமிச்சை ஜூஸ்."

"பொய் சொல்லாத!"

"சத்தியமாம்மா. அயர்ன் மாத்திரை போட்டேன், எலுமிச்சை ஜூஸ் குடிச்சேன். என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?"

எல்லோரும் தனசிங்கைப் பார்த்தார்கள். அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆயாம்மாதான் சொன்னாங்க," என்றார் மெதுவாக. "நஞ்சு கீழ இருக்கு, போகப் போக மேல ஏறிடும்னு. நான் என் காதால கேட்டேன்."

முதலில் பிடிபட்டது ஹெப்சி அக்காவுக்கு. மூன்று பெற்றவர் அல்லவா?

"அட கர்த்தாவே! அண்ணே, அது நஞ்சுக்கொடி அண்ணே! மாசமா இருக்கிறவங்களுக்கு…" அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அவருக்கே அப்போதுதான் உறைத்தது. கிருபாவின் பக்கம் திரும்பினார். "அப்போ, கிருபா… நீ…?"

கிருபா பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. ஹெப்சி அக்கா இரண்டு கையையும் மேலே தூக்கி ஸ்தோத்திரம் சொன்னார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள், தனசிங்கைக் காட்டிக் காட்டி மறுபடி சிரித்தார்கள். "விஷமாம் விஷம்! நல்லா இருக்கே அண்ணே உங்க ஜெப விண்ணப்பம்!"

"யாருக்கும் சொல்ல மாட்டோம்மா, நீ கவலையே படாத," என்று போகும்போது கிருபாவின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார் ஹெப்சி அக்கா. கூட வந்தவர்களில் ஒருத்தி அப்போதே போனில் எதையோ டைப் செய்துகொண்டிருந்தாள்.

பெண்களில் சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கிருபா. இன்னொருவர் அவள் அம்மா.

*

ஷீலா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கீரைக்கட்டை டைனிங் டேபிள் மேல் வைத்திருந்தார்.

"எத்தினி மாசம்?"

"நாலும்மா."

"அண்ணனுக்கு எப்பத்துலேந்து தெரியும்?"

தனசிங் தரையைப் பார்த்தார்.

"அப்போ ஊருக்கே தெரியும். பெத்தவளுக்கு மட்டும் சந்தைல வெச்சு சொல்றாங்க. அதுவும் மருந்து குடிச்சிட்டான்னு சொல்றாங்க." ஷீலாவின் குரல் இப்போது தாழ்ந்துவிட்டது. "நான் இன்னா பாவம் பண்ணேன் கிருபா?"

"அம்மா, வேணாம்மா. இப்போ வேணாம்."

"இல்ல, சொல்லு. நான் தெரிஞ்சிக்கணும்."

கிருபா கணக்கு டீச்சர். நேராகக் கேட்டால் நேராகத்தான் பதில் சொல்வாள்.

"போன தடவை டெஸ்ட் பண்ண அன்னிக்கே உன்கிட்ட சொன்னேன். நீ கீரைக்காரம்மா வரைக்கும் சொன்ன. உன்கிட்ட பிளவுஸ் தைக்கக் குடுக்க வந்தவங்ககிட்ட எல்லாம் சொன்ன. சந்தோஷத்துலதான் சொன்ன, எனக்குத் தெரியும். அப்புறம் அது போனப்போ அத்தனை பேருக்கும் நான்தாம்மா பதில் சொன்னேன். ஒவ்வொருத்தரா வந்து, 'விடு, கர்த்தர் வேற ஒண்ணு குடுப்பார்'னாங்க. எனக்கு வேற ஒண்ணு வேணாம்மா. எனக்கு அதுதான் வேணும்னு இருந்தது."

"தெரியாதவங்க ஆயிரம் சொல்லுவாங்க…"

"நீயும் சொன்ன."

ஷீலா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தார். வாசலில் மிச்சம் இருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், அதையும் போடாமல் இறங்கினார். ஆட்டோ எப்போதோ போயிருந்தது. வெறுங்காலோடு, அந்த வெயிலில், மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

"ஷீலாம்மா, இருங்க, நான் வண்டி பிடிச்சுத் தரேன்," என்று தனசிங் கேட் வரை ஓடினார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

*

உள்ளே வந்தபோது கிருபா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தனசிங் கதவருகிலேயே நின்றார். உள்ளே போகிற யோக்கியதை தனக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"நான் கர்ப்பம்னு ஒரு வார்த்தை சொல்லலம்மா," என்றார்.

"அதனாலதான் மாமா இவ்வளவும்."

"அந்த ஆயாம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"ஆமா மாமா. கேட்டிருக்கணும்."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று அவரும் எதிர்பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் மனசு கொஞ்சம் காத்திருந்து பார்த்தது.

"உக்காருங்க," என்றாள். "இப்போ நான் சொல்றேன். கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லுங்க. அத்தை சொல்லியிருக்காங்க, ஸ்டேஷன்ல நீங்க அப்படித்தான் செய்வீங்கன்னு."

தனசிங் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நஞ்சுங்கறது விஷம் இல்ல. குழந்தைக்குச் சாப்பாடு அது வழியாத்தான் போகுது."

"நஞ்சு விஷம் இல்ல. குழந்தைக்குச் சாப்பாடு அது வழியாத்தான் போகுது."

"அது கீழ ஒட்டியிருக்கு. முக்கால்வாசிப் பேருக்கு தானா மேல போயிடும். அஞ்சாம் மாச ஸ்கேன்ல மறுபடி பார்ப்பாங்க."

"கீழ ஒட்டியிருக்கு. தானா மேல போயிடும். அஞ்சாம் மாசம் மறுபடி பார்ப்பாங்க."

"முக்கால்வாசிப் பேருக்கு, மாமா."

"முக்கால்வாசிப் பேருக்கு," என்றார் தனசிங். அந்த வார்த்தையை அவர் விட்டது தற்செயலாக அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

"நான் தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. கொஞ்சமா ரத்தம் பட்டாக்கூட உடனே ஆஸ்பத்திரி. வீட்ல யார் இருந்தாலும், எந்த நேரமா இருந்தாலும் கூச்சப்படாம கூட்டிட்டுப் போகணும்."

தனசிங் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். 'கூச்சப்படாம' என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

அவள் வயிற்றின் மேல் கை வைத்திருந்தாள். அங்கே பார்க்கிறவர் கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "போன தடவையும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாங்க. இதையும் திருப்பிச் சொல்லுங்க மாமா."

தனசிங் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிருபாவுக்குப் பயமா இருக்கு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும்," என்றார்.

வந்த செய்தியில் இல்லாத வார்த்தையைச் சேர்ப்பது ஸ்டேஷனில் பெரிய குற்றம். சர்வீஸில் அவர் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. கிருபா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று இவர் விட்டுவிட்டார். அழுது முடித்து அவள் இளநீர் கேட்டபோது, தன்னை அவள் பாதியாவது மன்னித்துவிட்டதாக அவருக்குப் பட்டது.

ஹாலில் அவருடைய போன் அடித்தது. ஜோஸ்வினாக இருக்கும் என்று எழுந்து போனார். கிருபாவின் தம்பி ஜேசன், அனகாபுத்தூரிலிருந்து பேசினான். பின்னால் வண்டிச் சத்தம் இரைந்தது.

"மாமா, அம்மா அங்கதான கீது? போன் ஸ்விட்ச் ஆஃப். சந்தைலேந்து அக்கா வூட்டுக்குப் போறேன்னுச்சு, இன்னும் வூட்டுக்கு வரல. பிரஷர் மாத்திரையும் காலைல போடாம போயிருக்கு."

ஷீலா கிளம்பி வெகுநேரம் ஆகிவிட்டது. இந்த முறை தப்பு செய்யக் கூடாது என்று தனசிங் நிமிர்ந்து நின்றார்.

"இரு தம்பி. நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாரு," என்றார் உரக்க, தெளிவாக, ஸ்டேஷன் குரலில். "அம்மா போன் ஆஃப். மாத்திரை போடல. இன்னும் வீட்டுக்கு வரல."

சொல்லி முடித்த பிறகுதான் அறைக் கதவு திறந்திருப்பது அவருக்கு நினைவு வந்தது. உள்ளே டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.